இடையில் நின்றவன் கையில் என்ன மிஞ்சும்?

ஓர் அந்நிய பாஷையைத் தலைமுறை தலைமுறையாக லட்சக்கணக்கான குழந்தைகளுக்குக் கற்பித்து வந்தும், அவர்களுள் கணிசமான பகுதியினர் பள்ளியை விட்டு வெளியேறும் நாளில் அந்தப் பாஷையில் அச்சான ஒரு பக்கத்தைப் பிறர் துணையின்றி வாசித்துப் பொருள் காண இயலாதவர்களாகவே வெளியேறுகிறார்கள் என்றால், கற்பித்தவருடைய சிரத்தையையோ கற்றவருடைய புத்தியையோ குறை கூறப் புகுமுன், கற்பித்தல் என்னும் ஏற்பாட்டையே அடியிலிருந்து ஒரு முறை பரிசீலித்துப் பார்ப்பதுதான் நியாயம். நம் நாட்டில் ஆங்கிலம் பற்றிய விவாதம் ஓய்ந்ததே இல்லை. ஆயினும் அந்த விவாதமெல்லாம் ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா, எந்த வகுப்பில் தொடங்குவது, போதனாமொழியாக எதை வைப்பது என்னும் வினாக்களைச் சுற்றியே சுழல்கிறதேயன்றி, வகுப்பறைக்குள் நாற்பது குழந்தைகளின் முன் நிற்கும் உபாத்தியாயர் அந்த ஒரு பாடவேளையில் என்ன செய்கிறார், அதனால் குழந்தையின் கையில் என்ன சேர்கிறது என்னும் வினாவை நெருங்குவதே அபூர்வம். அந்த வினாவை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பிரிக்கப்படாத வங்காளத்தில், ஒருவர் மிகுந்த தெளிவோடு எழுப்பினார். அவர் கண்ட விடையை நாம் முழுமையாகச் சோதித்துப் பார்க்கவுமில்லை. தக்க காரணம் காட்டித் தள்ளவுமில்லை.

மைக்கேல் வெஸ்ட் என்னும் அவர் 1888இல் பிறந்த ஆங்கிலேயர். இந்தியக் கல்விச் சேவையில் சேர்ந்து, டாக்காவில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராகப் பணிபுரிந்தவர். வங்காளப் பள்ளிகளின் ஆங்கில வகுப்புகளை ஆண்டுக்கணக்கில் பார்த்து, குழந்தைகளைச் சோதித்து, தாம் கண்டவற்றையெல்லாம் தொகுத்து 1926இல் இருமொழியம் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அந்நூலில் அவர் முதலில் கவனித்த விஷயம் ஒரு பாஷாசாஸ்திரியின் கண்ணில் படுவதே அன்று. ஒரு கணக்கரின் கண்ணில் படுவது. பள்ளியில் சேரும் பையன்களுள் பெரும்பாலோர் கடைசி வகுப்புவரை வருவதில்லை. இரண்டாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ நின்றுவிடுகிறார்கள். ஆனால் பாடத்திட்டமோ கடைசி வகுப்பைத் தாண்டிக் கல்லூரிக்குள் நுழையப்போகும் சிலரை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டிருக்கிறது என்பதே அது. அப்படியானால் நடுவில் நின்றவன் அதுவரை செலவிட்ட காலத்துக்கும் உழைப்புக்கும் ஈடாக எதைக் கொண்டு போகிறான் என்று அவர் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அவர் இன்சூரன்ஸ் உலகத்திலிருந்து ஒரு கருத்தைக் கடன் வாங்கினார். பாலிசி எடுத்த ஒருவர் பல ஆண்டுகள் பிரீமியம் கட்டிவிட்டு, மேலே கட்ட இயலாமல் பாலிசியைச் சரண்டர் செய்தால், அதுவரை கட்டியதற்கு ஏற்ற ஒரு தொகை அவருக்குத் திரும்பக் கிடைக்கிறது. பள்ளியில் கற்பிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் அவ்வாறே ஒரு சரண்டர் மதிப்பு இருக்க வேண்டும் என்றார் வெஸ்ட். கணக்குப் பாடத்துக்கு அது இருக்கிறது. கூட்டல் கழித்தல் மட்டும் கற்று நின்றவனும் கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கலாம். தாய்மொழி வாசிப்புக்கும் இருக்கிறது. அன்றைய ஆங்கிலப் பாடத்துக்கு மட்டும் அது சூனியமாக இருந்தது. நான்கு ஆண்டுகள் வினைச்சொல்லின் காலரூபங்களை ஒப்புவித்து, எட்டுப் பத்து வரிப் பாட்டுகளை நெட்டுருச் செய்து, வாக்கியங்களைப் பெயர்த்தெழுதி, அதன்பின் தந்தையோடு வயலுக்கோ தறிக்கோ போன பையனிடம் ஆறு மாதம் கழித்து மிஞ்சியது என்னவென்று பார்த்தால், எழுத்துக்களின் பெயரும் சில சொற்களின் ஒலியும் மட்டுமே மிஞ்சின. ஒரு ஜனசமூகத்தின் குழந்தைப் பருவத்திலிருந்து இத்தனை மணி நேரத்தை எடுத்துக்கொண்டு ஒன்றையும் திருப்பித் தராத ஓர் ஏற்பாட்டை நியாயம் என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே எந்தக் கட்டத்தில் நின்றாலும் அந்தக் கட்டத்துக்கு உரிய பயனைத் தரக்கூடிய திறமை எதுவோ அதையே முன்னால் வைக்க வேண்டும் என்பது அவர் முடிவு; அந்தத் திறமை வாசிப்பு என்பது அவர் துணிபு. இதன் நியாயத்தை நிதானமாகச் சிந்திக்க வேண்டும். பேசுவதற்கு மொழியின் எல்லா உறுப்புகளும் ஏககாலத்தில் வேண்டியிருக்கின்றன; வினவத் தெரிய வேண்டும், மறுக்கத் தெரிய வேண்டும், நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும், அதற்கும் மேலாக எதிரே இருப்பவர் எதைச் சொல்வார் என்பது நம் வசத்தில் இல்லையாதலால் அவருடைய வாயிலிருந்து எந்தச் சொல் வந்தாலும் விளங்கிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். இவற்றில் பாதியை மட்டும் கற்றவனுக்குப் பாதிப் பேச்சு வந்துவிடுவதில்லை. வாசிப்பின் இயல்போ வேறு. ஐந்நூறு சொற்கள் தெரிந்தவனுக்கு ஐந்நூறு சொற்களுக்குள் எழுதிய கதை ஒன்றைக் கொடுத்தால் அவன் அதை முழுமையாக, ஒரு குறையுமில்லாமல், ரசித்துப் படிக்கிறான்; ஆயிரம் சொற்கள் தெரிந்ததும் அதற்கேற்ற புத்தகம் காத்திருக்கிறது. புத்தகம் வாசகனுடைய வேகத்துக்கு இணங்கிப் பொறுமையாக நிற்கும்; பேசுகிறவர் நிற்கமாட்டார். தவிரவும், பள்ளியை விட்டு நின்றபின் கிராமத்தில் ஆங்கிலம் பேசுவதற்கு ஆள் கிடைக்காது போகலாம். ஆங்கிலத்தில் அச்சான காகிதமோ, மருந்துப் புட்டியின் மேலும் இயந்திரத்தின் மேலும் விண்ணப்பப் படிவத்திலும் அவனைத் தேடி வந்துகொண்டே இருக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை இல்லாமல் இல்லை. ஆளும் இனத்தைச் சேர்ந்த ஓர் அதிகாரி, ஆளப்படும் குழந்தைகளுக்குப் பேச்சு வேண்டாம், வாசிப்பே போதும் என்று சொன்னதில், எஜமானனோடு சமமாக நின்று வாதாடும் ஆற்றலை மறுக்கும் மனோபாவம் ஒளிந்திருக்கவில்லையா என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. அந்தச் சந்தேகத்தை அசட்டை செய்ய நான் விரும்பவில்லை. இன்னொரு மறுப்பு அனுபவத்திலிருந்து எழுவது. மாமல்லபுரத்தில் கற்சிற்பம் விற்கும் சிறுவர்கள் இருநூறு முந்நூறு சொற்களை வைத்துக்கொண்டே வெளிநாட்டுப் பயணிகளோடு சரளமாகப் பேரம் பேசுகிறார்களே, அரைகுறைப் பேச்சுக்குப் பயனில்லை என்பது எங்ஙனம் பொருந்தும்? பொருந்தும் என்றே நினைக்கிறேன். அந்தச் சிறுவர்களுக்கு அன்றாடம் காலையில் பேசுவதற்கு ஆள் வந்து நிற்கிறது. பேச்சு அங்கே தெருவிலேயே விளைகிறது. அதை விளைவிக்கப் பள்ளி தேவைப்படவில்லை. தெருவில் ஆங்கிலம் இல்லாத ஊரில், வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டும் ஒலித்து அடங்கும் ஒரு பாஷையை எந்த வழியால் நிலைக்கச் செய்வது என்பதே பள்ளிக்கு உரிய பிரச்னை.

வெஸ்ட் சித்தாந்தத்தோடு நின்றுவிடவில்லை. அதற்கேற்ற புத்தகங்களைத் தாமே செய்தார். அக்காலத்து வாசகங்களை எடுத்து ஆராய்ந்தபோது, ஒரு பக்கத்துக்குள் புதுச் சொற்கள் நெருங்கிக் குவிந்து கிடப்பதையும், அவற்றுள் பல கவிதைக்கு மட்டுமே பயன்படும் பழஞ்சொற்களாக இருப்பதையும் கண்டார். தீவைக் குறிக்க ‘ஐலண்ட்’ என்னும் சாதாரணச் சொல் இருக்கையில் ‘ஐல்’ என்பதைக் குழந்தையின் தலையில் ஏற்றுவானேன் என்பது போன்ற கேள்விகளைச் சொல் சொல்லாகக் கேட்டு, அரிய சொற்களைக் களைந்து வழக்குச் சொற்களை வைத்தார். ஏறத்தாழ ஐம்பது சொற்கள் ஓடியபின் ஒரு புதுச் சொல் வரும்படியும், வந்த சொல் அடுத்தடுத்துப் பல முறை திரும்பி வந்து மனத்தில் படியும்படியும் கதைகளை அமைத்தார். 1935இல் எண்டிகாட் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதியில் ஏறத்தாழ 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் விளக்கம் உண்டு; அந்த விளக்கங்கள் அனைத்தும் 1,490 சொற்களுக்குள்ளேயே எழுதப்பட்டவை. ஓர் அகராதியைத் திறந்தால் தெரியாத ஒரு சொல்லுக்குத் தெரியாத மூன்று சொற்கள் விடையாக வந்து நிற்கும் துன்பத்தை அனுபவித்தவர்களுக்கு இந்தக் காரியத்தின் அருமை விளங்கும். 1953இல் அவர் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் சுமார் 2,000 தலைச்சொற்கள் இருந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ள பல பொருள்களுள் எது எத்தனை விழுக்காடு வழங்குகிறது என்பதும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. கணினி வராத காலத்தில், லட்சக்கணக்கான சொற்களை மனிதர்கள் கையால் எண்ணிப் பிரித்து வைத்த உழைப்பின்மேல் எழுந்த பட்டியல் அது.

வகுப்பறைக்குள் அவர் வகுத்த முறைகளும் எளியவை. ஏழைப் பள்ளிக்கு ஏற்றவை. பாடத்தைப் படித்து முடித்தபின் கேள்வி கேட்பது நம் வழக்கம். அவரோ கேள்வியை முன்னால் வைக்கச் சொன்னார், திருடன் எந்த வழியாக வந்தான், யார் அவனை முதலில் கண்டார் என்னும் வினாக்கள் கரும்பலகையில் எழுதப்பட்டபின் குழந்தை விடையைத் தேடிக்கொண்டு பக்கத்துக்குள் நுழைகிறது, வாய்க்குள்ளேயே படிக்கிறது, உபாத்தியாயர் பெஞ்சுகளினூடே நடந்து தடுமாறுகிறவனுக்கு மட்டும் உதவுகிறார். பேச்சுக்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். பையன் புத்தகத்தில் ஒரு தொடரைக் கண்ணால் படிக்க வேண்டும். பிறகு தலையை நிமிர்த்தி, பக்கத்தில் இருப்பவனின் முகத்தைப் பார்த்து, புத்தகத்தைப் பாராமல், அந்தத் தொடரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் படித்ததற்கும் சொல்வதற்கும் இடையிலுள்ள அந்தச் சிறு இடைவெளியில் தொடர் முழுவதும் மனத்தில் தாங்கப்படுகிறது. சொல் சொல்லாக எழுத்துக்கூட்டி ஒலிப்பவனால் இதைச் செய்யவே முடியாது. பொருளைப் பற்றிக்கொண்டவனால் மட்டுமே முடியும். உபாத்தியாயருக்குச் சரளமான ஆங்கிலம் வரவேண்டும் என்ற நிபந்தனையும் இதில் இல்லை. 1960இல் அவர் இக்கட்டான சூழ்நிலைகளில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றித் தனியே ஒரு நூல் எழுதினார். நெருக்கியடித்த பெஞ்சுகளும் நிறைந்து வழியும் வகுப்பும் தயக்கத்தோடு ஆங்கிலம் பேசும் ஆசிரியரும் விதிவிலக்கல்ல, உலகின் பெரும்பகுதியில் அவையே நியதி என்பதை ஒப்புக்கொண்டு, அங்கிருந்து யோசனையைத் தொடங்கிய நூல் அது. லண்டனிலும் நியூயார்க்கிலும் பன்னிரண்டு மாணவர்கள் வட்டமாக அமரும் அறைகளுக்கென்று பிறந்த முறைகளை நாம் வாங்கி வாங்கிக் களைத்துப்போன இந்நாளிலும் அதன் தேவை குறையவில்லை.

ஆயினும் காலத்தின் காற்று வேறு திசையில் வீசியது. இலக்கணமும் மொழிபெயர்ப்புமாகவே கற்பிப்பதை எதிர்த்து ஜெர்மனியில் வியட்டர் 1882இல் ஒரு கண்டனப் பிரசுரம் எழுதியதிலிருந்தும், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அமெரிக்காவில் பெர்லிட்ஸ் தம் பள்ளியைத் தொடங்கியதிலிருந்தும், முதலில் பேச்சு, பிறகே எழுத்து என்னும் கொள்கை மெல்ல மெல்ல உலகெங்கும் வேதவாக்காயிற்று. ஜப்பானியக் கல்வித்துறையினரின் அழைப்பின்பேரில் 1922இல் அங்கே சென்ற ஹாரல்ட் பாமர், டோக்கியோவில் ஓர் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் பதினான்கு ஆண்டுகள் வாய்மொழி முறைக்காக உழைத்தார். மேதாவி, சளையாத உழைப்பாளி. அப்படியிருந்தும் ஜப்பானின் பள்ளிகளில் பெரும்பாலானவை நுழைவுத் தேர்வின் நிழலில் பழைய மொழிபெயர்ப்பு வாசிப்பையே தொடர்ந்தன.

சென்னை மாகாணத்தின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் செயலாலும் சூழலாலும் விளக்கி, கூட்டாகச் சொல்லவைத்துப் பழக்கும் அமைப்பு முறை இங்கே ஐம்பதுகளில் புகுந்தது. அம்முறையை ஆரம்ப வகுப்புகளுக்குக் கொண்டுசெல்ல 1959இல் தொடங்கிய பெருமுயற்சியில் 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பது லட்சியமாகக் கொள்ளப்பட்டது. சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் பலருக்குத் தந்து, உருட்ட உருட்டப் பெருகும் என்ற நம்பிக்கையில் எழுந்த ஏற்பாடு அது. அந்த முயற்சியின் அளவைக் கண்டு வியக்கிறேன். அதில் ஈடுபட்ட உபாத்தியாயர்களின் ஊக்கத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வராது. ஆனால் கை மாறக் கை மாற, முறையின் உயிர் தங்கிவிட்டு உடல் மட்டுமே அடுத்த கைக்குப் போயிற்று. கதவை நோக்கி நடந்துகொண்டே ‘ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்’ என்று உபாத்தியாயர் சொல்ல, வகுப்பு முழுவதும் ஏககுரலில் திருப்பிச் சொல்லும் அந்தச் சடங்கில், எல்லோருக்கும் கண்ணால் தெரிந்த ஒன்றை எவருக்கும் தெரிவிக்கும் தேவையே இல்லாமல் சொல்லுகிறோம் என்பதைக் குழந்தைகள் பெரியவர்களுக்கு முன்பே உணர்ந்துவிட்டார்கள். முப்பதாவது அமைப்பைக் கற்க இருபத்தொன்பதாவது தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்த குழந்தை அதன்பின் அந்த ஏணியைப் பிடிப்பதேயில்லை.

இங்கேதான் வெஸ்ட்டின் கேள்வி நம் காலத்துக்கும் பொருந்துவதைக் காண்கிறேன். அன்றைய வங்காளத்தைப் போல இன்று தமிழ்நாட்டுக் குழந்தைகள் திரளாகப் பள்ளியை விட்டு நிற்பதில்லை. மதிய உணவும் இலவசப் புத்தகமும் பஸ் பாஸும் சைக்கிளும் அவர்களைப் பள்ளிக்குள் தக்கவைத்திருக்கின்றன. இது சாமானிய சாதனை அன்று. ஆனால் வகுப்பில் அமர்ந்தபடியே ஆங்கிலப் பாடத்திலிருந்து இடைநின்றுவிட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேடும் சொல்வதில்லை. நான்காம் வகுப்பில் நூலைத் தவறவிட்ட பெண் பத்தாம் வகுப்புவரை பெஞ்சில் இருக்கிறாள்; வருகைப் பதிவில் இருக்கிறாள்; அவளுக்காக எழுதிய பாடமோ அவள் தலைக்கு மேலே எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. அவளுடைய பாலிசிக்குச் சரண்டர் மதிப்பு என்ன?

இந்த வினாவுக்குத் தென்னிந்தியாவிலேயே பிறிதொரு திசையிலிருந்து ஒரு விடை வந்தது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணிபுரிந்த என். எஸ். பிரபு, அமைப்பு முறையில் ஊறித் திளைத்து அதன் எல்லையையும் கண்டவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகள் சிலவற்றில் அவரும் அவருடைய சகாக்களும் நடத்திய சோதனை, இன்று உலகெங்கும் ஆசிரியப் பயிற்சி பெறுகிறவர்கள் படிக்கும் பாடமாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. அவருடைய மூலக்கருத்து இது: மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது, இலக்கணம் தானாகவே, அறியாமலே, உள்ளே படிகிறது, இலக்கணத்தையே நோக்கிக்கொண்டிருக்கும் மனத்துக்கு இலக்கணமும் வசப்படுவதில்லை.

ஆகவே அவருடைய வகுப்புகளில் இலக்கணப் பட்டியல் இல்லை, சொற்பட்டியலும் இல்லை, நாளுக்கொரு வேலை மட்டுமே இருந்தது. ஒரு ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இன்ன ஊரிலிருந்து காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்ப வேண்டிய ஒருவர் எந்த வண்டிகளில் ஏற வேண்டும் என்று கண்டுபிடிக்கச் சொல்வது, ஒரு தேசப்படத்தில் இரண்டு வழிகளுள் குறுகியது எது என்று தீர்மானிக்கச் சொல்வது, சில குறிப்புகளிலிருந்து ஒரு வகுப்பின் பாட நேரப் பட்டியலை அமைக்கச் சொல்வது என்ற மாதிரியான வேலைகள் அவை. முதலில் அதுபோன்ற ஒன்றை உபாத்தியாயர் வகுப்போடு சேர்ந்து, கேட்டும் சொல்லியும் திருத்தியும், பகிரங்கமாகச் செய்து காட்டுவார். பிறகு அதே வகையில் சற்று மாறிய மற்றொன்றைக் குழந்தைகள் ஒவ்வொருவரும் தனியே செய்வார்கள். மதிப்பெண் ஆங்கிலத்துக்கு அல்ல, விடை சரியா என்பதற்கே. குழந்தைகளைக் குழுக்களாகப் பிரித்துத் தமக்குள் பேசவிடுவதை அவர் தவிர்த்தார் என்பது, குழு வேலையே சர்வரோக நிவாரணி என்று நம்பும் இன்றைய பயிற்சியாளர்கள் நின்று யோசிக்க வேண்டிய விஷயம்; அரைகுறை ஆங்கிலத்தை அரைகுறை ஆங்கிலத்தோடு மோதவிட்டால் அரைகுறையே உறுதிப்படும் என்று அவர் கருதினார்.

1985இல் பெரெட்டாவும் டேவிஸும் இச்சோதனையை மதிப்பிட்டு எழுதினார்கள். பழைய முறையில் பயின்ற குழந்தைகள் அம்முறைக்கு ஏற்ற அமைப்புத் தேர்விலும், புதிய முறையில் பயின்றவர்கள் தம் முறைக்கு ஏற்ற தேர்விலும் சிறந்து நின்றார்கள். எந்த முறையையும் சாராத தேர்வுகளில் புதிய முறையின் பக்கமே தராசு தாழ்ந்தது. குறையும் உண்டு. அந்த வகுப்புகளை நடத்தியவர்கள் பலர் சாதாரண உபாத்தியாயர்களைவிட மேலான பயிற்சியும் ஆங்கிலமும் உடையவர்கள். அத்தகையோர் இல்லாத ஆயிரம் பள்ளிகளில் அதே பலன் விளையுமா என்ற ஐயம் நியாயமானது. வெஸ்ட்டின் புத்தகம் உபாத்தியாயருடைய குறையை ஈடுசெய்கிறது. பிரபுவின் வேலையோ உபாத்தியாயரையே நம்பி நிற்கிறது. ஆனால் இருவரும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. திருடன் எந்த வழியாக வந்தான் என்று தேடிக்கொண்டு பக்கத்துக்குள் நுழையும் குழந்தையும், எந்த வண்டியில் ஏறுவது என்று அட்டவணைக்குள் விரலை ஓட்டும் குழந்தையும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. இருவருடைய மனமும் பாஷையின்மேல் இல்லை, பாஷை கொண்டுவரும் செய்தியின்மேல் இருக்கிறது. அந்த நாழிகையில் கற்றதற்கு அந்த நாழிகையிலேயே பயன் கிட்டிவிடுகிறது. மேல்வகுப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

புத்தகத்தின் ஆற்றலில் ஐயமுள்ளவர்கள் பிஜித் தீவுகளில் நடந்ததைக் கவனிக்கலாம். அங்கே வாரிக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் கிராமப்புறத்துப் பள்ளிகளின் நான்காம் ஐந்தாம் வகுப்புகளுக்கு, வகுப்புக்கு 250 என்ற கணக்கில், படங்கள் நிறைந்த சுவையான ஆங்கிலக் கதைப்புத்தகங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒப்புநோக்குவதற்காக வேறு சில பள்ளிகள் வழக்கமான பாடத்தையே தொடர்ந்தன. புத்தகம் பெற்ற வகுப்புகளில் சில, ஆசிரியரோடு சேர்ந்து வாசித்துக் கலந்து பேசின. மற்றவை தினந்தோறும் மௌனமாக வாசித்தன. எட்டு மாதங்களில் இவ்விரு வகையினரும் வாசித்து அறிவதிலும் கேட்டு அறிவதிலும் வழக்கமான வேகத்தைப் போல் இரு மடங்கு முன்னேறினார்கள். இருபது மாதங்கள் ஆனபோது அந்த வளர்ச்சி மேலும் பெருகி மொழியின் மற்றத் திறமைகளுக்கும் பரவியிருந்தது. 1983இல் வெளியான இந்த ஆராய்ச்சியில் வெஸ்ட்டின் துணிபுக்கு ஒரு சாட்சியம் கிடைத்துவிட்டது என்றே சொல்வேன்.

நம்மிடமும் அப்படி ஒரு புத்தகம் இருந்தது. வேகமாகவும் தானாகவும் படித்து ரசிப்பதற்கென்றே சுருக்கி எழுதிய கதைகளைத் துணைப்பாடமாக வைத்து, அதற்கு நான்-டீடெயில் என்று பெயரும் இட்டிருந்தோம். அது நம் வகுப்பறைகளில் அடைந்த கதி என்னை மிகவும் வருத்துகிறது. தேர்வில் கதைச்சுருக்கம் எழுதச் சொல்லும் வினா வரும் என்பதால், உபாத்தியாயர் கைடைப் பார்த்து நோட்ஸ் சொல்லி எழுதவைத்தார். குழந்தைகள் அந்த நோட்ஸை மனப்பாடம் செய்தார்கள். கதைப்புத்தகத்தைத் திறக்காமலேயே கதைக்கு முழு மதிப்பெண் பெற்றார்கள். உபாத்தியாயரை இதில் குற்றவாளியாக்குவது தவறு. நிர்ப்பந்தம் வினாத்தாளிலிருந்து வந்தது; வினாத்தாள் எதைக் கேட்கிறதோ அதுவே நாட்டின் பாடமுறையாகிவிடும்.

தாய்மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆங்கில வகுப்பில் தமிழ் நுழைவதைப் பாவமாகக் கருதும் ஒரு வழக்கம் எங்கிருந்தோ வந்து நம்மிடம் வேரூன்றிவிட்டது. தமிழில் பேசினால் அபராதம் விதித்த பள்ளிகளும் உண்டு. வேல்ஸ் நாட்டின் டாட்சன் 1967இல் எழுதிய நூலில், ஒரு வாக்கியத்தின் பொருளைத் தொடக்கத்திலேயே தாய்மொழியில் ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டு, மீதி நேரம் முழுவதையும் அந்நிய மொழிப் பயிற்சிக்கே செலவிடுவது சிக்கனமான வழி என்று சோதனைகளின் மூலம் காட்டியிருக்கிறார். குழந்தை எப்படியும் தன் மனத்துக்குள் தமிழில்தான் பொருள் செய்துகொள்ளப்போகிறது. சரியான பொருளை நாம் தராவிட்டால் தவறான ஒன்றைத் தானே ஊகித்துக்கொள்ளும். ‘எனி’ என்னும் சொல்லை விளக்கப் பத்து நிமிஷம் அபிநயம் பிடிப்பதைவிட, ‘ஏதாவது’ என்று சொல்லிவிட்டுக் கதைக்குள் போவதில் ஒரு குறையுமில்லை.

பெற்றோர்களின் ஏக்கத்தை நான் அறியாதவனல்லன். தம் குழந்தை நாலு பேர் நடுவே ஆங்கிலத்தில் பேச வேண்டும், நேர்முகத் தேர்வில் வாய் அடைத்து நிற்கக் கூடாது என்று அவர்கள் விரும்புவது இயல்பு; ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளுக்கு வயிற்றைக் கட்டிப் பணம் கட்டுகிறார்கள். வாய் அடைத்து நிற்பதற்குக் கூச்சம் மட்டும் காரணமன்று. சொல்லுவதற்கு உள்ளே சரக்கு இல்லாததும், இருந்த சிறிதளவும் மனப்பாடமாக இருப்பதும் பெருங்காரணம் என்பது என் அபிப்பிராயம். ஐம்பது கதைகளையும் நூறு செய்திகளையும் ஆங்கிலத்தில் தானாகப் படித்து முடித்த ஒருவன், ஆறு மாதம் பேசும் சூழலில் விடப்பட்டால் பேசிவிடுகிறான். ஒன்றும் படியாதவன் முப்பது நாளில் கற்ற வாக்கியங்கள் முப்பத்தோராம் நாள் கேட்கப்படும் எதிர்பாராத கேள்வியின் முன் நிற்பதில்லை. போதனாமொழியையே ஆங்கிலமாக மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இதைப் போன்றதுதான். மொழி தெரியாத குழந்தைக்கு அந்த மொழியிலேயே கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தால், மொழியோடு அவ்விரண்டையும் சேர்த்து இழக்கும் அபாயமே மிகுதி.

பிரபு 1990இல் எழுதிய ஒரு கட்டுரையில், எல்லா இடத்துக்கும் உத்தமமான ஒரே முறை என்று எதுவும் இல்லை என்றும், தான் செய்வது ஏன் பலன் தருகிறது என்பதைப் பற்றி உபாத்தியாயருக்கு உள்ள உயிருள்ள நம்பிக்கையே முக்கியம் என்றும் வாதாடினார். இதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆகவே மேலிருந்து இன்னொரு முறையைச் சுற்றறிக்கையாக இறக்குமாறு நான் கேட்கவில்லை. கேட்பது இரண்டே. ஒன்று, பொதுத் தேர்வின் ஆங்கில வினாத்தாளில் பாதி மதிப்பெண்ணுக்கேனும், மாணவன் அதற்குமுன் கண்டிராத கதையையோ அறிவிப்பையோ கால அட்டவணையையோ கொடுத்து, வாசித்து யோசித்தாலன்றி விடை கூற இயலாத வினாக்களைக் கேட்க வேண்டும். எந்தக் கைடும் அதற்கு விடை அச்சிட முடியாது. மற்றொன்று, ஒவ்வொரு வகுப்பறையிலும் பூட்டில்லாத ஓர் அலமாரியும், அதில் அந்தந்த ஆண்டின் சொல்லளவுக்குள் எழுதிய நூறு ஆங்கிலப் புத்தகங்களும் இருக்க வேண்டும். ஆண்டு முடிவில் அவற்றில் படியாத ஒன்றை எடுத்துக் குழந்தையிடம் கொடுத்து, தானாகப் படித்துத் தமிழிலோ ஆங்கிலத்திலோ கதையைச் சொல்லச் செய்து, அந்த விவரத்தை அதன் பதிவேட்டில் எழுத வேண்டும். வகுப்பில் அமர்ந்திருந்தும் இடைநின்ற குழந்தை யார் என்பது அன்றே தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு எந்த அலமாரியிலிருந்து அதற்குப் புத்தகம் எடுத்துத் தருவது என்பதும் தெரிந்துவிடும்.

அந்த நூறு புத்தகங்களை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியதில்லை. நம் ஏரிகளும் தேர்த்திருவிழாக்களும் மீன்பிடி துறைமுகங்களும் நெசவாளர் தெருக்களும் ஐந்நூறு ஆங்கிலச் சொற்களுக்குள் அடங்கக்கூடியவையே. ஆனால் ஐந்நூறு சொற்களுக்குள் உயிருள்ள கதை எழுதுவது ஐயாயிரம் சொற்களை வைத்துக்கொண்டு எழுதுவதைவிடக் கடினமான கலை. அரசின் பாடநூல் கழகம் அதற்கெனச் சிறந்த எழுத்தாளர்களைத் தேடி அழைத்து, தக்க ஊதியம் தந்து, எழுதியதைக் கிராமத்துக் குழந்தைகளிடம் கொடுத்துச் சோதித்து, அவர்கள் கொட்டாவி விட்ட பக்கங்களைத் திருத்தி எழுதச் சொல்லும் துணிவோடு இப்பணியை வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.